பெயர் சொன்ன குற்றம்

1

லைலா மஜ்னு என்றால் நமக்குக் காதல் கதை. பார்ஸி நாடகக் கம்பெனிகள் ஊர் ஊராக எடுத்துச் சென்று, பிறகு பல இந்திய மொழிகளில் சினிமாவாகி, கடைசியில் வடக்கே தெருவில் பெண் பின்னால் திரிகிறவனைக் கேலி செய்யும் சொல்லாகத் தேய்ந்துபோன கதை. இவ்வளவு புழங்கிப்போன ஒன்றில் பேச என்ன மிச்சமிருக்கிறது என்று கேட்கலாம். அதன் காதல் எனக்கு இப்போது இரண்டாம்பட்சம்தான். அந்தக் கதையில் கவிதை என்ன காரியம் செய்கிறது என்பதே என் அக்கறை. கவிதை எழுதுகிறவர்களே பெரும்பாலும் வாசகர்களாகவும் இருக்கும் இம்மாதிரிப் பத்திரிகையில் அதைக் கேட்டுப் பார்ப்பது தகும் என்று நினைக்கிறேன்.

அரபுச் செய்திகள் தரும் கதை சின்னது. நடு அரேபியாவின் நஜ்துப் பகுதியில் ஆமிர் குலத்தைச் சேர்ந்த கைஸ் என்ற பையனும் அதே குலத்து லைலாவும் சிறு வயதில் தௌபாத் என்ற குன்றின் அடியில் ஆட்டுக்குட்டிகள் மேய்க்கிறார்கள். பருவம் வந்ததும் லைலாவைக் கூடாரத்துக்குள் வைத்துவிடுகிறார்கள். கைஸ் அவள் பெயரைச் சொல்லிக் கவிதை பாடுகிறான். கவிதை கூடாரம் கூடாரமாகப் பரவுகிறது. அதன் பிறகு அவன் பெண் கேட்கிறான், மறுக்கிறார்கள். லைலாவை வேறொருவனுக்குக் கொடுக்கிறார்கள். கைஸ் புத்தி பேதலித்துப் பாலையில் விலங்குகளோடு திரிந்து, ஒருநாள் கற்களுக்கு நடுவே பிணமாகக் கிடக்கிறான்.

இதில் வரிசையைக் கவனிக்க வேண்டும். பெண் மறுக்கப்பட்டதால் அவன் பாடவில்லை. பாடியதால் பெண் மறுக்கப்பட்டாள். நம் சினிமாக்காரர்கள் பணக்காரத் தகப்பன், ஏழைக் காதலன் என்று மாற்றிவிட்ட இடம் இதுதான். அரபுச் செய்திகளில் இரண்டு குடும்பமும் ஒரே குலம்; கைஸ் வசதியான வீட்டுப் பிள்ளை என்றே சொல்லப்படுகிறான். ஒரு பெண்ணின் பெயரைக் கவிதையில் வைத்து ஊரறியச் சொன்னவனுக்கு அந்தப் பெண்ணைக் கொடுப்பதில்லை என்ற வழக்கம்தான் இடையில் நிற்கிறது. கொடுத்தால் அவன் பாடியது உண்மை, முன்னமே தொடர்பு இருந்தது என்று ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும். பெண்ணின் பெயரை வைத்துப் பாடுவதற்கு அரபியில் தஷ்பீப் என்று தனிச் சொல்லே இருக்கிறது. அது பெண் வீட்டாருக்கு வசைக்குச் சமானம்.

2

மஜ்னூன் என்பது பெயரல்ல, பட்டம். பைத்தியம் என்று பொருள் சொல்லிக் கடந்துவிடுகிறோம். சொல்லின் உள்ளே போனால் ஜின் பிடித்தவன் என்று இருக்கிறது. ஜ-ன்-ன் என்ற வேர் மறைத்தல், மூடுதல் என்பதைக் குறிக்கும். கண்ணுக்கு மறைந்திருப்பதால் ஜின். வயிற்றில் மறைந்திருக்கும் சிசு ஜனீன். மரங்களால் மூடிய தோட்டம் ஜன்னா. சொர்க்கத்துக்கும் அதே சொல்தான். உடம்பை மறைக்கும் கேடயம் ஜுன்னா. பைத்தியத்தையும் கருவையும் சொர்க்கத்தையும் ஒரே வேரிலிருந்து எடுத்த மொழி அது. மஜ்னூன் என்றால் மூடப்பட்டவன். அவனை மூடியிருப்பது கண்ணுக்குத் தெரியாது.

இஸ்லாத்துக்கு முந்திய அரேபியாவின் பாலை வெறும் மணல் அல்ல. அது குடியிருப்பு நிறைந்த இடம். இரவில் மணல்மேடுகள் சரியும்போது எழும் முழக்கத்தை ஜின்களின் ஓசை என்றார்கள். கூல் என்ற பேய் வழிப்போக்கனுக்கு முன்னால் பெண்ணாக உருவெடுத்து அவனைத் தடத்திலிருந்து விலக்கிக் கொண்டுபோய்க் கொல்லும். என்ன உருவம் எடுத்தாலும் அதன் கால் மட்டும் கழுதைக் குளம்பாகவே இருக்கும் என்பார்கள். குலத்திலிருந்து துரத்தப்பட்டுக் கொள்ளையடித்துத் திரிந்த கவிகள் சிலர் உண்டு. அவர்களில் ஒருவனான தஅப்பத ஷர்ரன் இரவில் ஒரு கூலை வெட்டிக் கொன்றதாகவே பாடியிருக்கிறான். ஷன்ஃபரா என்ற இன்னொருவனின் பெயரில் வழங்கும் நீண்ட பாட்டில் அவன் தன் குலத்தாரைக் கைவிட்டு ஓநாயையும் சிறுத்தையையும் கழுதைப்புலியையும் உறவாகக் கொள்கிறான். மஜ்னூன் விலங்குகளோடு வாழ்ந்ததற்கு இப்படி ஒரு முன்வரலாறு இருக்கிறது. குலம் இல்லாதவனுக்குப் பாலையில் மிஞ்சும் உறவு அதுதான். குலத்தை விட்டவனின் பழிக்கு யாரும் பழி வாங்கமாட்டார்கள். அவனைக் கொல்வது விலங்கைக் கொல்வது போலத்தான்.

கவிக்கும் ஜின்னுக்கும் உள்ள சம்பந்தம் இன்னும் நெருக்கமானது. ஒவ்வொரு பெரிய கவிக்கும் ஒரு ஜின் உண்டு, அதுதான் காதில் சொல்லிக் கொடுக்கிறது என்று நம்பினார்கள். அல்-அஃஷா என்ற கவியின் ஜின்னுக்கு மிஸ்ஹல் என்று பெயர்கூட இருந்தது. ஜின்கள் வாழும் பள்ளத்தாக்கின் பெயர் அப்கர். மேதையைக் குறிக்கும் அப்கரி என்ற அரபுச் சொல் இன்றைக்கும் அங்கிருந்துதான் வருகிறது. நபிகளை எதிர்த்த மெக்காவாசிகள் அவரை ஜின் பிடித்த கவி என்று பழித்ததைக் குர்ஆனே பதிவு செய்கிறது. பதிவு செய்து மறுக்கிறது. அந்த மறுப்புக்குப் பிறகு கவியின் நிலை மாறிவிட்டது. ஜின்னிடமிருந்து கேட்டதாகச் சொல்லிக்கொள்வது பழைய கௌரவத்தோடு இனி முடியாது. அந்தத் தலைமுறைக்குப் பிந்திய தலைமுறைகளில்தான் மஜ்னூன் வருகிறான், அல்லது வந்ததாகச் சொல்லப்படுகிறான். முன்னால் கவிக்குப் பெருமையாக இருந்த ஒன்று இப்போது நோயாக அவன்மேல் ஒட்டியிருக்கிறது. அவனைப் பிடித்த ஜின்னுக்கு லைலா என்று பெயர். லைல் என்றால் இரவு.

3

காலத்தைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். கைஸ் வாழ்ந்ததாகச் சொல்லப்படுவது ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதி, உமய்யாக்களின் ஆட்சி. 661இல் முஆவியா கலீஃபா ஆனபோது தலைநகர் சிரியாவின் டமாஸ்கஸ். அரேபியாவில் தொடங்கிய பேரரசு அரேபியாவை ஓரத்தில் விட்டுவிட்டது. படையெடுப்புகளில் குவிந்த செல்வம் மெக்கா, மதீனா நகரங்களின் பெரிய குடும்பங்களுக்கு வந்தது. அங்கே பாட்டும் கூத்தும் வளர்ந்தன. ஹஜ்ஜுக்கு வரும் சீமாட்டிகளைப் பார்த்து விளையாட்டாகக் காதல் கவிதை பாடிய உமர் இப்னு அபீ ரபீஆ அந்த நகரத்துக் கவி. அவன் கவிதையில் காதல் நிறைவேறும்; பெண்கள் பேசுவார்கள், சிரிப்பார்கள், அடுத்த இரவுக்கு நேரம் குறிப்பார்கள்.

பாலையில் இருந்தவர்களுக்கு அந்தச் செல்வம் வரவில்லை. பழைய கொள்ளைத் தாக்குதல்கள் தடுக்கப்பட்டுவிட்டன. வந்தது சதகா வசூலிக்கும் அதிகாரி. இந்த வறண்ட ஓரத்தில்தான் உத்ரி என்று பின்னால் பெயர் பெற்ற காதல் கவிதை எழுந்தது. ஹிஜாஸின் வடக்கே வாதில் குராவை ஒட்டிய உத்ரா குலத்தின் பெயர் அது. ஒரே பெண், கைகூடாத காதல், சாவு வரை மாறாத நிலை. ஜமீல் என்ற கவிக்கு புஸைனா, உர்வாவுக்கு அஃப்ரா, குஸய்யிருக்கு அஸ்ஸா, இன்னொரு கைஸுக்கு லுப்னா என்று இந்தக் காலத்துக் கவிகள் ஜோடிப் பெயராலேயே அறியப்படுகிறார்கள். ஐரோப்பியர்களையும் இது பிடித்துக்கொண்டது. ஸ்டெந்தால் 1822இல் காதலைப் பற்றி எழுதிய புத்தகத்தில் அரபுகளுக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கி இந்தக் குலத்தைப் பேசுகிறார். ஹைனே காதலித்தால் செத்துப்போகும் குலம் என்று இவர்களைப் பற்றி ஒரு கவிதையே எழுதினார்.

எகிப்தின் தாஹா ஹுஸைன் 1920களில் இதற்கு வரலாற்றுக் காரணம் தேடினார். அதிகாரத்திலிருந்து ஒதுக்கப்பட்டவர்கள் ஹிஜாஸ்காரர்கள். நகரத்தார் பணமிருந்ததால் கேளிக்கையில் இறங்கினார்கள். பாலைக்காரர்கள் ஏழ்மையிலும் புதிய மதத்தின் கட்டுப்பாட்டிலும் நிறைவேறாத காதலில் இறங்கினார்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். துனீசியாவின் தாஹிர் லபீப், லூசியன் கோல்ட்மனின் வழியைப் பின்பற்றி, உத்ரி கவிதையின் அமைப்பையே ஒதுக்கப்பட்ட ஒரு கூட்டத்தின் உலகப் பார்வையாக வாசித்தார். இந்த வாசிப்புகள் எனக்குப் பயனுள்ளவை, ஆனால் போதவில்லை. ஒதுக்கப்பட்டவர்கள் உலகில் எத்தனையோ பேர். எல்லாரும் ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லிச் சாவதில்லை. சமூகக் காரணம் கவிதை முளைத்த நிலத்தைச் சொல்லும். முளைத்தது ஏன் இந்தச் செடி என்பதைச் சொல்லாது.

இருந்தாலும் ஒரு விவரம் அவர்கள் பக்கம் பேசுகிறது. பாரசீகக் காவியத்தில் நௌஃபல் என்று ஒரு வீரன் வருகிறான். மஜ்னூனுக்காக லைலாவின் கூட்டத்தோடு வாளெடுத்துப் போர் செய்கிறவன் அவன். அரபு மூலங்களில் இந்த நௌஃபல் வீரனே அல்ல. சதகா வசூலிக்க வந்த அரசாங்க அதிகாரி. மணலில் நிர்வாணமாக விளையாடிக்கொண்டிருக்கும் ஒருவனைப் பார்த்து, யார் என்று விசாரித்து, ஆடை கொடுத்து, பெண் கேட்டுத் தருவதாக வாக்குக் கொடுக்கிறான். பெண் வீட்டார் ஆயுதத்தோடு எதிர்கொண்டதும் பின்வாங்கிவிடுகிறான். ஆள்வோரும் கைஸ் மறுபடி அங்கே வந்தால் அவன் ரத்தத்துக்குப் பழி இல்லை என்று அனுமதி கொடுத்ததாகச் செய்தி. பேரரசு இந்தக் கதைக்குள் நுழைவது இப்படித்தான்: ஒரு கையில் கணக்கு, மறு கையில் கொலைக்கு அனுமதி, நடுவில் ஒரு நல்ல மனிதனின் கையாலாகாத இரக்கம்.

4

கைஸ் என்று ஒருவன் இருந்தானா? இந்தச் சந்தேகம் நவீன ஆராய்ச்சியின் கண்டுபிடிப்பு அல்ல. பத்தாம் நூற்றாண்டில் பாடல்களின் புத்தகம் என்ற மாபெரும் தொகுப்பைச் செய்த அபுல் ஃபரஜ் அல்-இஸ்ஃபஹானி (897–967) மஜ்னூனைப் பற்றிய செய்திகளைத் தரும்போதே இவற்றுக்குத் தாம் பொறுப்பில்லை, சொன்னவர்கள் சொன்னபடி தருகிறேன் என்று முன்னெச்சரிக்கையாகச் சொல்லிவிடுகிறார். ஆமிர் குலத்தின் ஒவ்வொரு பிரிவாகப் போய் விசாரித்தும் இப்படி ஒருவனைத் தெரிந்தவர் யாருமில்லை என்று ஒருவர் சொன்னதைப் பதிவு செய்கிறார். உமய்யா வம்சத்து இளைஞன் ஒருவன் தன் உறவுப் பெண்ணைக் காதலித்து, அது வெளியே தெரியக்கூடாது என்று மஜ்னூன் என்ற ஆளையும் கதையையும் கட்டி, தன் கவிதைகளை அவன் தலையில் வைத்தான் என்று இன்னொரு செய்தி. அவன் பைத்தியமில்லை, கொஞ்சம் புத்தித் தடுமாற்றம் மட்டும் இருந்தது என்று அஸ்மயீ என்ற மொழியறிஞர் சொன்னதாக வேறொன்று. சொன்னவன் பெயர் தெரியாத கவிதையில் லைலா என்று வந்துவிட்டால் ஜனங்கள் அதை மஜ்னூனுடையது என்றுவிடுகிறார்கள் என்று ஜாஹிஸ் ஒன்பதாம் நூற்றாண்டிலேயே கிண்டல் செய்ததாகத் தெரிகிறது. ரஷ்ய அறிஞர் கிராச்கோவ்ஸ்கி இந்தச் செய்திகளைத் தனித்தனியே பிரித்து ஆராய்ந்தார். ஏழாம் நூற்றாண்டின் இறுதியில் அப்படி ஒரு கவி இருந்திருக்கலாம் என்பதை அவர் தள்ளிவிடவில்லை.

நமக்கு இது புதிதல்ல. ஔவையார் என்ற பெயரின் கீழ் எத்தனை நூற்றாண்டுப் பாட்டுகள் வந்து ஒதுங்கியிருக்கின்றன. அனாதைக் கவிதைகளுக்கு ஒரு வீடு வேண்டியிருக்கிறது. ஆனால் ஔவைக்கும் மஜ்னூனுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. ஔவையின் பெயரில் வந்து சேர்ந்தது அறிவுரை. மஜ்னூனின் பெயரில் வந்து சேர்ந்தது, சொந்தப் பெயரில் சொல்ல முடியாத குற்றம். அந்த உமய்யா இளைஞனைப் பற்றிய செய்தி பொய்யாகவே இருக்கட்டும், அதன் தர்க்கம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தன் பெண்ணைக் காப்பாற்ற ஒருவன் வேறொரு கவியைக் கற்பனை செய்கிறான். வேறொரு பெண் பெயரைப் பலி கொடுக்கிறான். அப்படியானால் லைலா என்பது ஒரு பெண்ணின் பெயர்கூட அல்ல. யாரோ ஒருத்தியின் பெயர் வெளியே வராமலிருக்க மேலே போர்த்திய துணி.

இங்கே நம் அகத்திணை மரபு கண் முன்னால் வந்து நிற்கிறது. மக்களைப் பாடும் அகப்பாட்டில் ஒருவரைச் சுட்டிப் பெயர் சொல்லக்கூடாது என்று தொல்காப்பியம் விதிக்கிறது. பெயர் வந்துவிட்டால் அது அகம் ஆகாது, புறம். தலைவன், தலைவி, தோழி, செவிலி. இவர்கள் யாருக்கும் பெயரில்லை. பாடிய புலவரின் பெயரே சில இடங்களில் தொலைந்துபோய், பாட்டில் வரும் தொடரால் செம்புலப்பெயனீரார் என்று அழைக்கும்படி ஆகியிருக்கிறது. இந்த விதியைப் பொதுமைக்காகச் செய்தது, காதல் எல்லாருக்கும் உரியது என்று காட்டச் செய்தது என்று நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நஜ்துப் பாலைக் கதையைப் படித்த பிறகு எனக்கு வேறு மாதிரித் தோன்றுகிறது. அந்த விதிக்குப் பின்னால் ஒரு பயம் இருந்திருக்கலாம். பெயர் வெளியே வந்தால் ஒருத்திக்கு என்ன ஆகும் என்று தெரிந்த சமூகத்தின் பயம். அலர் என்ற ஒரு துறையையே வைத்திருந்தவர்களுக்கு இது தெரியாமலிருக்காது. மடலேறுதல் என்ற வழக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள். பனைமடலில் செய்த குதிரையில் ஏறித் தெருவில் தன் காதலை அறிவிப்பேன் என்று தலைவன் மிரட்டுகிறான். அது மிரட்டலாக வேலை செய்வதற்குக் காரணம் வெளிப்படுத்துதலே ஒரு வன்முறை என்பதுதான். சங்கப் பாட்டில் மடல் பெரும்பாலும் மிரட்டலோடு நின்றுவிடுகிறது. கைஸ் மிரட்டவில்லை, ஏறியே விட்டான். அவன் ஏறிய மடல் கவிதை.

5

இந்தச் சிதறிய செய்திகளை ஒரு காவியமாக்கியவர் நிஜாமி. இன்றைய அஜர்பைஜானில் உள்ள கெஞ்ஜெ நகரத்தவர். 1188இல் ஷிர்வான் அரசன் அக்ஸிதான் இந்தக் கதையைப் பாடும்படி கேட்டுக் கடிதம் அனுப்பினான். நிஜாமிக்கு விருப்பமில்லை. தயங்கியதை அவரே முன்னுரையில் சொல்கிறார். இதில் தோட்டம் இல்லை, அரச சபை இல்லை, மது இல்லை, கொண்டாட்டம் இல்லை. காய்ந்த மணலும் கடின மலையுமாக இருக்கும் கதையில் சொல் எங்கே நடக்கும் என்பது அவர் தயக்கம். பதினாலு வயதுப் பிள்ளை வற்புறுத்தியதால் எடுத்துக்கொண்டதாகச் சொல்கிறார். நாலாயிரத்துக்கும் மேற்பட்ட ஈரடிகளை நான்கு மாதத்துக்குள் முடித்தார். வறண்டது என்று பயந்த கதைதான் அவரைப் பாரசீகம் பேசும் ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டுபோனது.

வறட்சிக்கு அவர் செய்த பரிகாரத்தைக் கவனிக்க வேண்டும். பாலையில் தோட்டங்களை அவர் அங்கங்கே நட்டது உண்மை. ஆனால் பெரிய காரியம், பாலையை மஜ்னூனின் மனநிலையாக ஆக்கியது. தகப்பன் அவனைக் குணப்படுத்தக் காபாவுக்குக் கூட்டிப்போகிறார். அவன் அங்கே இந்த நோய் இன்னும் வளரட்டும் என்று வேண்டிக்கொள்கிறான். ஒரு கிழவி கைதி ஒருவனைக் கயிற்றில் கட்டி இழுத்துப் பிச்சை எடுத்துப் போகிறாள்; மஜ்னூன் அவனை விடுவித்துத் தன்னைக் கட்டிக்கொள்ளச் சொல்லி, அந்தக் கட்டோடு லைலாவின் கூடாரம் வரை போய்த் தலையை மண்ணில் மோதிக்கொள்கிறான். வேடன் வலையில் விழுந்த மான்களைத் தன் குதிரையைக் கொடுத்து மீட்கிறான், அவற்றின் கண்கள் லைலாவினுடையவை என்று. சிங்கமும் ஓநாயும் மானும் பகையின்றி அவனைச் சூழ்ந்திருக்க அவன் எலும்பும் தோலுமாக அரசு செய்கிறான். முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு கெட்டுப் பாலை என்ற வடிவம் கொள்ளும் என்று சிலப்பதிகாரம் சொல்வதை நாம் அறிவோம். தமிழில் பாலைக்குத் தனி நிலம் இல்லை. அது மற்ற நிலங்களுக்கு நேரும் கதி. நிஜாமி தமிழ் அறியாதவர். ஆனால் உண்மையான மணலைக் கையில் வைத்துக்கொண்டு அவரும் அதையே கண்டிருக்கிறார். பிரிவுதான் பாலையை உண்டாக்குகிறது.

காவியத்தில் எனக்கு மிகவும் கலக்கம் தந்த இடம் சின்னது. ஒரு காகிதத்தில் லைலா, மஜ்னூன் என்று இரண்டு பெயரும் எழுதியிருக்கிறது. மஜ்னூன் நகத்தால் லைலாவின் பெயரைக் கிழித்து எறிந்துவிட்டுத் தன் பெயரை மட்டும் வைத்துக்கொள்கிறான். ஏன் என்று கேட்டால், இருவருக்கும் ஒரு பெயர் போதும், நான் வெளித்தோல், அவள் உள்ளே இருப்பவள் என்கிறான். சூஃபி மரபு இதை ஐக்கியம் என்று கொண்டாடியது. ஆன்மாவும் கடவுளும் ஒன்றான நிலை என்று விளக்கம். விளக்கம் அழகானது. அதை ஒதுக்கிவைத்துவிட்டுச் செயலை மட்டும் பார்த்தால், முதலில் ஒருத்தியின் பெயரை ஊரெல்லாம் பரப்பி அவள் வாழ்வைப் பறித்தவன், இப்போது அந்தப் பெயரையும் கிழித்துத் தன்னை மட்டும் வைத்துக்கொள்கிறான். சூஃபி நூல்களில் இதற்கு அடுத்த படியும் உண்டு. லைலாவே அவனைத் தேடி வந்து நான்தான் லைலா என்கிறாள். உன்மேல் உள்ள காதலில் மூழ்கியிருக்கிறேன், உனக்கு நேரமில்லை, தள்ளிப்போ என்கிறான் மஜ்னூன். இதைவிட இருண்ட ஒரு காதல் காட்சியை நான் படித்ததில்லை. ஜின் இப்போது முழுதாக அவனை மூடிவிட்டது. அவள் நின்றாலும் தெரியாது.

நிஜாமிக்கு இது தெரிந்திருக்கிறது என்று நம்புகிறேன். அவர் லைலாவைக் கிழித்தெறியவில்லை. அரபுச் செய்திகளில் ஏறக்குறைய வெறும் பெயராக இருந்தவளுக்கு அவர் ஒரு மனசைக் கொடுத்தார். அவளும் கவிதை சொல்கிறாள். துண்டுச் சீட்டுகளில் எழுதிக் காற்றில் விடுகிறாள். மஜ்னூனுக்காவது பாலையில் கத்தித் திரியும் சுதந்திரம் உண்டு, எனக்குத் திரைக்குப் பின்னால் மூச்சுவிடக்கூட இடமில்லை என்ற பொருளில் அவள் கடிதம் எழுதுகிறாள். கட்டிக்கொடுத்த இப்னு சலாம் நெருங்கி வந்தபோது கன்னத்தில் அறைகிறாள். நிஜாமியின் அன்பு மனைவி ஆஃபாக் தர்பந்த் அரசன் பரிசாக அனுப்பிய அடிமைப் பெண். அவள் இறந்த சில வருஷங்களுக்குப் பிறகு எழுதிய காவியம் இது. சிறைப்பட்ட பெண்ணின் குரல் அவருக்கு எங்கிருந்து கிடைத்தது என்று நான் ஊகிக்கப் போவதில்லை; இரண்டு விவரங்களையும் பக்கத்தில் வைக்கிறேன், அவ்வளவுதான்.

6

நிஜாமிக்குப் பிறகு கதை ஓடிய தூரம் பெரிது. தில்லியில் அமீர் குஸ்ரௌ 1299இல் தம் பங்குக்கு எழுதினார். அந்த வருஷம் இறந்த தம் தாயையும் தம்பியையும் அதில் புலம்பியிருக்கிறார். அவருடைய மஜ்னூன் நௌஃபலின் மகளை மணந்துகொள்கிறான், தில்லியின் புத்தி அது. ஹெராத்தில் ஜாமி, பாக்தாதில் துருக்கி மொழியில் ஃபுஸூலி. ஜாமியின் உறவினர் ஹாத்திஃபி எழுதிய காவியத்தை வில்லியம் ஜோன்ஸ் 1788இல் கல்கத்தாவில் அச்சிட்டார். விற்ற பணம் கடனைக் கட்ட முடியாமல் சிறையிலிருந்தவர்களுக்கு என்று ஏற்பாடு. 1908இல் பாக்கூவில் ஹாஜிபெய்லி இதை இசை நாடகமாக்கினார். ராஜஸ்தானில் ஸ்ரீகங்காநகரை அடுத்த எல்லைப் பகுதியில் பிஞ்சோர் என்ற கிராமத்தில் இருவருக்கும் சமாதி இருக்கிறது. ஜூன் மாத வெயிலில் அங்கே திருவிழா நடக்கிறது. ஆமிர் குலத்துக்கும் தார் பாலைக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. மணல் இருந்தால் போதும் என்று ஜனங்கள் முடிவு செய்துவிட்டார்கள்.

நவீனக் கவிகளும் இதை விடவில்லை. ஆரகான் 1963இல் கிரனாடாவின் வீழ்ச்சியைப் பின்னணியாக வைத்து ஒரு மஜ்னூனை உண்டாக்கி, அவன் வாயில் தம் மனைவி எல்ஸாவின் பெயரை வைத்தார். எகிப்தின் ஸலாஹ் அப்துஸ் ஸபூர் 1970இல் எழுதிய கவிதை நாடகத்தில் 1952 புரட்சிக்கு முந்திய கெய்ரோவின் ஒரு பத்திரிகை அலுவலகத்தார் பழைய லைலா மஜ்னூன் நாடகத்தை ஒத்திகை பார்க்கிறார்கள். காதலும் அரசியலும் சேர்ந்தே தோற்கின்றன. எனக்கு இரண்டாவது மேலானதாகத் தோன்றுகிறது. ஆரகான் பெயர் சொல்லுவதை மறுபடி ஒரு பெருமையாக்கிவிட்டார். அப்துஸ் ஸபூருக்குப் பெயர் சொன்னால் யாராவது விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பது தெரியும்.

நம் புதுக்கவிதைக்கு வருகிறேன். அதில் 'நீ' என்று ஒரு முன்னிலை எங்கும் இருக்கிறது. பெயர் சொல்லவில்லை, ஆகவே அகமரபு பிழைத்திருக்கிறது என்று திருப்திப்படலாம். ஆனால் பெரும்பாலான கவிதைகளில் அந்த 'நீ' பேசுவதில்லை, எதிர்ப்பதில்லை, அதற்குச் சமைக்க நேரமாவதில்லை. கவிதை சொல்கிறவனின் வேதனை உலவுவதற்கு விரித்துப் போட்ட மணலாக அது கிடக்கிறது. சங்கப் பாட்டில் தலைவிக்குப் பெயரில்லை. ஆனால் வாய் இருந்தது. பாதிக்கு மேல் பேசுகிறவர்கள் அவளும் தோழியும்தான். பெயரை எடுத்த மரபு பதிலுக்குக் குரலைக் கொடுத்தது. நாம் பெயரையும் எடுத்துவிட்டோம், குரலையும் எடுத்துவிட்டோம். காகிதத்தைக் கிழித்த மஜ்னூனுக்கு நாம் வெகு அருகில் நிற்கிறோம் என்பது என் குற்றச்சாட்டு. அவன் சொன்ன வேதாந்தம்கூட நம்மிடம் இல்லை.

காவியத்தின் கடைசிப் பகுதியில் இப்னு சலாம் இறந்துபோகிறான். கணவன் இறந்த பெண் ஆள் முகத்தில் விழிக்காமல் கூடாரத்தில் ஒதுங்கியிருந்து அழவேண்டும் என்பது அங்கத்து வழக்கம். லைலாவுக்கு அந்த வழக்கம் அதிர்ஷ்டமாகிறது. அத்தனை வருஷம் அடக்கி வைத்ததை வாய்விட்டு அழுகிறாள். உறவினர்கள் கணவனுக்காக என்று நினைக்கிறார்கள். அவள் அழுவது வேறொருவனுக்காக. யார் பெயரும் அந்த அழுகையில் இல்லை. இருந்திருந்தால் அவள் அழுதிருக்க முடியாது. சீக்கிரமே இலையுதிர் காலம் வந்து அவளும் சாகிறாள். மஜ்னூன் அவள் சமாதிக்கு வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சாவதைத்தான் ஓவியர்கள் திரும்பத் திரும்ப வரைந்தார்கள், பாடகர்கள் திரும்பத் திரும்பப் பாடினார்கள். கூடாரத்துக்குள் பெயர் சொல்லாமல் அழுத அந்த நாட்களுக்கு அவர்களிடம் இடமில்லை. அந்த அழுகையை எழுதத் தெரிந்த மொழி ஒன்று நம் கையில் இருந்தது. அதைத் திரும்ப எடுப்பது பழமைக்குப் போவது ஆகாது என்றே நினைக்கிறேன்.